அப்பா திவசத்துக்கு வராத காக்கைகள்

ஒலக்கூர்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தம்பி திருமுருகனும் கறவை மாடும் புதுக் கன்றும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், முக்கியமாக மனசுக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நீ அழுவதைப் பார்த்து நான் அழுகிறேன், அதற்குள் உனக்குக் காலேஜுக்கு நேரமாகிவிடுகிறது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தம்பியிடம் நல்ல பேனாவாக ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அவன் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்து ரொம்ப நாளாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அப்பாவுக்குப் புடிக்கலன்னா எனக்கு வேணாம்மா, இனியவன்கிட்ட சொல்லிடறேன்" என்றாய். அந்தப் பையனிடம் ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டாய் என்றும், அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உன் இஷ்டம் என்று போய்விட்டான் என்றும் சொன்னாய். எதிர்த்துப் பேசாத பையனாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கும் நீயே அழுகிறாய். இதற்கெல்லாம் காரணம் கிருஷ்ணவேணி அத்தை உனக்குச் செய்த போன். அப்பா திவசத்துக்குக் காக்கை வரவில்லை என்று அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் சொன்னது கால்வாசிக் கதைதான், மீதி முக்கால்வாசியை நான் சொல்கிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் ஒரு முடிவுக்கு வா.

ஆனி மாதம் உன் அப்பாவின் இரண்டாவது திவசம் வந்ததல்லவா, அத்தை முதல் நாளே திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாள். கூடப்பிறந்த தம்பி போய்விட்டானே என்ற துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை, அதை நான் குறை சொல்லமாட்டேன், தூக்கி வளர்த்த கை அது. விடியும் முன்பே எழுந்து குளித்து அவளே வடை சுட்டாள், வாழைக்காய் பொரியல், அகத்திக்கீரை, பாயசம் எல்லாம் ஆயிற்று. படையல் போட்டுக் கும்பிட்டு, இலையில் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். தம்பி கா கா என்று கூப்பிட்டான். நான் கூப்பிட்டேன். அத்தை கூப்பிட்டதைக் கேட்டு ஏரிக்கரை வரைக்கும் நாய்கள் குரைத்தன, காக்கை மட்டும் வரவில்லை. காக்கை வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்று அத்தை உத்தரவு. வெயில் ஏறி, சோறு காய்ந்து, வடை கல்லாகி, அத்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கடைசியில் தம்பி வெல்லக்கட்டியை எடுத்து அவள் வாயில் திணித்தான். வாயில் வெல்லத்தோடு அவள் அழுதாள் பார், அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. "போன வருஷம் வந்து ஒரு வாய் எடுத்துகினு போனியேடா, இந்த வருஷம் இன்னாடா கோவம், பொண்ணு வேதக்கார வூட்டுக்குப் போறான்னு மனசு வெந்துகினு இருக்கியாடா" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். அங்கேதான் இனியவன் கிறிஸ்தவப் பையன் என்பதால் உன் கல்யாணத்தையும் காக்கையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாள். கீழே இறங்கி வந்ததும் உனக்குப் போன் செய்துவிட்டாள்.

என்னைக் கேட்டால், அன்றைக்கு நானும் பயந்துதான் போனேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, சோறு உள்ளே இறங்கவில்லை. போன வருஷம் வந்தது, நடுவில் உன் கல்யாணப் பேச்சு வந்தது, இந்த வருஷம் வரவில்லை என்றால் யாருக்குத்தான் மனசு அப்படிப் போகாது. நீ படித்த பெண், நீயே கலங்கிவிட்டாய் என்றால் நான் எம்மாத்திரம். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் திவசம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லிவிட்டு, அந்தச் சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டேன்.

அப்புறம் ஆடி பிறந்ததும் ஒருநாள் தம்பி வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பொருளோடு வந்தான். இப்போது அவன் மின்வாரியத்தில் காண்ட்ராக்டில் கம்பம் ஏறுகிறான் என்று தெரியுமே உனக்கு, இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை, ஆகிவிடும் என்கிறார்கள். மழைக்கு முன்னால் கம்பத்தில் இருக்கிற காக்கைக் கூடுகளை எல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம், லைன் அடிக்கடி டிரிப் ஆகிறதாம். குஞ்சு பறந்துபோன வெறும் கூடு ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தான். தூக்கிப் பார்த்தேன், கனத்தது. ஒரு சுள்ளி இல்லை கலைமதி, எல்லாம் கட்டுக்கம்பி. வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுவார்களே, அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, கூடை முடைகிற மாதிரி வளைத்து வளைத்துச் செருகியிருக்கிறது. உள்ளே மட்டும் மெத்தைக்கு மாஸ்க் நூலும் கோழி இறகும். "இப்பல்லாம் முக்காவாசி இப்டித்தாம்மா கட்டுது, மரமே இல்ல, சுள்ளிக்கு எங்க போவும், அதான் கம்பத்துக்கு வந்துட்டுது" என்று தம்பி சாதாரணமாகச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போன குளிர்காலத்தில் வீடியோவில் ஒரு மஞ்சள் வயிற்றுக் குருவியைக் காட்டினாயே, அது ஞாபகம் வந்தது. நகரத்தில் இருக்கிற குருவி வண்டிச் சத்தத்துக்கு மேலே தன் குரல் கேட்கவேண்டும் என்று காட்டுக் குருவியைவிடக் கீச்சென்று பாடுகிறது என்றாய். இன்னொரு தேசத்தில் பாலத்தடியில் கூடு கட்டும் ஒரு பறவைக்கு றெக்கை குட்டையாகிக்கொண்டே வருகிறது என்றும், நீள றெக்கை இருந்தது வண்டிக்குச் சட்டென்று விலக முடியாமல் அடிபட்டுச் செத்தது, குட்டை றெக்கை தப்பித்துக் குஞ்சு பொரித்தது, அதனால் அதன் வம்சம் குட்டை றெக்கையாகவே ஆகிவிட்டது என்றும் சொன்னாய். அது தானாக யோசித்துக் குட்டையாக்கிக்கொண்டதா என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, விதை மல்லாட்டைக்கு நல்ல கடலைக் காயாகப் பார்த்து நீ பொறுக்கி எடுத்து வைக்கிறாயே, அந்த மாதிரி இடமே பொறுக்குகிறது அம்மா, ஆனால் காக்கை மாதிரிப் புத்தியுள்ளதெல்லாம் வம்சம் மாறும் வரைக்கும் காத்திருக்காது, இருக்கிற ஆயுசிலேயே பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிடும் என்று சொன்னாய். அன்றைக்கு எனக்குப் பாதி புரிந்தது. கம்பிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மீதியும் புரிந்தது. மரம் போனதும் வீட்டையே இரும்பில் கட்டிக்கொண்ட ஜாதி, சாப்பாட்டு நேரத்தையும் இடத்தையும் மட்டும் நமக்காக மாற்றாமல் வைத்திருக்குமா என்று தோன்றியது.

நம் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் போன கார்த்திகைப் புயலில் வேரோடு சாய்ந்ததை உனக்குப் படம் அனுப்பினோமே. தெருக் காக்கை மொத்தமும் அந்த மரத்தில்தான் அடையும். முதல் திவசத்துக்கு மரம் இருந்தது, இரண்டாவது திவசத்துக்கு மரம் இல்லை. இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை பார். மரம் போய்விட்டதே என்று அழுதோம், அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தேட ஆரம்பித்தேன். பால் ஊற்றப் போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒருநாள் சைக்கிள்காரன் மேல் மோதி அவன் திட்டினான். தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். விடிந்ததும் எல்லாம் பாண்டுரங்கன் பிராய்லர் கடை எதிரே ஒயரில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால்தான் இறங்குகின்றன, வெட்டுகிற கட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று இடம் பிடித்து நிற்கின்றன, குடல் வேண்டும் ஒன்றுக்கு, தோல் வேண்டும் ஒன்றுக்கு. மதியம் ஹைவேஸ் ஓரத்துப் பிரியாணிக் கடைகளின் பின்பக்கம். சாயங்காலம் டோல்கேட் பெரிய விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் அடைகின்றன. நாம் மாடியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிற நேரத்தில் அதெல்லாம் பிரியாணிப் பந்தியில் இருக்கிறது. நம் அகத்திக்கீரையை யார் சீண்டுவார்கள் சொல்.

அப்போதும் எனக்கு முழுத் தைரியம் வரவில்லை. ஒருவேளை நம் வீட்டுக்கு மட்டும்தானோ என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு விருத்தாசலம் மாமாவிடம், உங்கள் அம்மா திவசத்துக்கு இந்த வருஷம் காக்கை வந்ததா என்று கேட்டேன். வராமல் என்ன, இலையோடு தூக்கிக்கொண்டு போயிற்று என்றார். நான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னேன். மனுஷன் முகம் மாறிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா, எனுக்கும் வரல, பாகம் பிரிச்சது எங்க அம்மாவுக்குப் புடிக்கல போலன்னு ஆறு மாசமா தம்பிகிட்ட பேசாம இருந்துகினு இருக்கேன்" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். ஒருத்தருக்கும் வரவில்லை. தெருக்கோடி வீட்டில் அந்த அக்கா, நகையை அடகு வைத்ததற்கு மாமியாருக்குக் கோபம் என்று மூன்று வெள்ளிக்கிழமை விரதம் இருந்திருக்கிறாள். ஒரு வீட்டில் புது மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று அந்தப் பெண்ணையே சொல்லியிருக்கிறார்கள், பாவம் அது என்ன செய்யும். எல்லோரும் வெளியே வந்தது வந்தது என்று சொல்லிக்கொண்டு, உள்ளே அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் என்று தனித்தனியாக நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். கலைமதி, இந்தத் தெருவில் செத்த அத்தனை பேரும் உன் கல்யாணத்துக்கா கோபித்துக்கொண்டார்கள்? எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை, சிரித்துக்கொண்டே அழுதேன். விருத்தாசலம் மாமா அன்று சாயங்காலமே தன் தம்பி வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. சொன்னால் நம்பவில்லை, "நீ உன் பொண்ணுக்கு வக்காலத்து வாங்கிகினு பேசற" என்றாள். சரி என்று ஆடி அமாவாசைக்கு வரச்சொல்லி, காலையிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாண்டுரங்கன் கடைக்குப் போனேன். அமாவாசையன்று கறிக்கடைக்கா என்று மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள். ஒயரில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். ஷட்டர் ஏறியதும் அதுகள் இறங்கிய ஒழுங்கைப் பார்த்து, "அட பாவிங்களா, இங்கதான் டூட்டி பாத்துகினு கீறீங்களா" என்று கத்தினாள், பாண்டுரங்கன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். அப்புறம் என்ன நினைத்தாளோ, பகல் படையலுக்கு என்று சுட்டு வைத்திருந்த வடையை வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கடை எதிர் மதில் மேல் உன் அப்பா பேரைச் சொல்லி வைத்தாள். ஒரு காக்கை வந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, வடையைத் தள்ளிவிட்டு வடைக்கு அடியில் கிடந்த கோழித்தோலை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் அத்தை முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவளோ, "சீனுவாசனேதான், அமாவாசைன்னா கூட கவுச்சி கேக்கற ஆளு" என்றாள். உன் அப்பா போனபின் என்னோடு சேர்ந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதைப் படித்துவிட்டுக் காக்கை வந்து எடுத்துவிட்டது, அப்பா சரி சொல்லிவிட்டார் என்று குதிக்காதே. அதற்காக நான் இதை எழுதவில்லை. காக்கை வராதது வேண்டாம் என்பது இல்லை என்றால், காக்கை வந்தது சரி என்பதும் இல்லை. அதற்கு அதன் வயிற்றுப்பாடு, கம்பி தேட வேண்டும், குஞ்சு பொரிக்க வேண்டும், மாறிப்போன ஊரில் பிழைக்க வேண்டும். அது தலையில் நம் வீட்டுக் கல்யாணத்தையும் ஏற்றுவது பாவம். இனிமேலும் நான் சோறு வைப்பேன், அது உன் அப்பா மேல் இருக்கிற ஆசைக்கு வைப்பது, பதில் கேட்டு வைப்பது இல்லை. பதில் வேண்டுமென்றால் அவரோடு குடித்தனம் பண்ணிய என்னைக் கேள்.

உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இனியவன் பேரைக் கேட்டதும் சரி என்று சொல்லியிருப்பார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சொல்லியிருக்கமாட்டார். கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போயிருப்பார், சோறு கொண்டுபோனால் திரும்பிப் படுத்திருப்பார், என்னைத்தான் ஆயிரம் கேட்டிருப்பார். ஆனால் நீ விழுப்புரம் காலேஜுக்குப் போகவேண்டும் என்றபோதும் அப்படித்தானே போனார். பெண்பிள்ளை தினம் பஸ்ஸில் போய் வருவதா என்று கத்தியவர், அடுத்த மழைக்குள் உனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று டவுன் பஸ்ஸில் உனக்கு ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டார். மழை ஏமாற்றியபோது கேப்பையை விட்டு மல்லாட்டைக்குப் போனார், கிணறு வற்றியதும் மல்லாட்டையைப் பாதியாக்கிச் சவுக்கு வைத்தார், சிரித்தவர்கள் எல்லாம் பின்னால் வந்து நாற்று கேட்டார்கள். நீ வெளிநாடு போகிறேன் என்றபோது முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோபித்துக்கொள்வார், கட்டிலைத் தூக்குவார், திரும்பி வருவார். அதுதான் அவர். உயிரோடு இருந்தவரைக்கும் மாறத் தெரிந்த மனுஷனைச் செத்ததும் மாறவே மாட்டார் என்று நாம்தான் முடிவு கட்டிவிட்டோம். நீ அவருக்குத் திரும்பி வர நேரமே கொடுக்காமல் முதல் நாள் கோபத்திலேயே அவரை நிறுத்தி வைத்திருக்கிறாய் கலைமதி. அவர் எப்போதோ கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார், எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், கோபப்படாதே. போன புதன்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு முகையூர் போய் இனியவன் அம்மாவைப் பார்த்தேன். சவுரியம்மாள் நல்ல மனுஷி, கொஞ்சம் பேச்சு அதிகம், எனக்குப் பிடித்துவிட்டது. பையன் இரண்டு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்கிறான், என்ன தப்பு நடந்ததென்று தெரியாமல் தினம் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காக்கைக் கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திரும்பி வந்ததும் அன்றைக்கு இங்கே வந்திருந்த அத்தை ஒன்றும் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, படுக்கப்போகும் முன்பு, "அவங்க கோயிலுக்குள்ள செருப்பு போட்டுகினு போவலாமா, வெளிய வுடணுமா" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளிடம் இப்போதைக்கு எதிர்பார்க்காதே, இதுவே பெரிசு.

மற்றபடி வேறு விசேஷம் ஒன்றுமில்லை. மல்லாட்டை இந்தத் தடவை நன்றாகப் பிடித்திருக்கிறது, பெயர்த்ததும் வறுத்து அனுப்புகிறேன். கன்றுக்குக் கழிச்சல் இருந்தது, சரியாகிவிட்டது. குளிர் வரும் முன்பே காதுக்குக் குல்லா வாங்கிக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்காமல் காயப்போடாதே, ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் ஒருவேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிறவனும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த வீடும் நிறைந்த மனசுமாக நீண்ட நாள் வாழவேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம், அத்தையின் ஆசீர்வாதமும் இதில் உண்டு, சொல்லச் சொன்னாள். கடைசியாக ஒன்றை மறக்காதே. இதைப் படித்து முடித்ததும் வழக்கம்போல முதலில் எனக்குப் போன் செய்யாதே. இனியவனுக்குச் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீ. அஞ்சலாட்சி